மூன்று மாத ஊசியும் அந்த 119 நாளும்

முல்லைக்கரை:
"மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டவளுக்குப் பிள்ளை தங்கினால் பிழை ஊசியில் இல்லை, அவளுடைய மறதியில்தான் இருக்கிறது" என்று பாலையடி ஐயா நேற்று இங்கே ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தார். அதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. விசுவமடுவில் இருக்கும் என் தங்கைக்கு மூன்று பிள்ளைகள். ஜனவரி 6ஆம் திகதி ஊசி போட்டாள். அட்டையில் அடுத்த திகதி மார்ச் 31 என்று எழுதிக் கொடுத்தார்கள். சிறுபோக விதைப்பு, புதுவருடம், சின்னவனுக்குக் காய்ச்சல் என்று நாள் இழுபட்டு, மே 5ஆம் திகதிதான் போக முடிந்தது. அன்றும் ஒன்றும் கேட்காமல் ஊசியைப் போட்டு அனுப்பினார்கள். இந்த ஊசி போடுபவர்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது வழமை என்பதால் அவள் எதையும் சந்தேகிக்கவில்லை. ஆடி மாதம் வயிறு தெரிந்த பிறகு ஸ்கான் எடுத்தபோது, ஏப்ரல் கடைசியில் தங்கியது என்றார்கள். இதற்குப் பெயர் மறதியா?

பாலையடி:
நான் முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவன், கணக்கோடுதான் பேசுவேன். ஜனவரி 6இலிருந்து மே 5 வரை 119 நாள். அட்டையில் கொடுத்தது 84 நாள். முப்பத்தைந்து நாள் பிந்திப் போய்விட்டு ஊசியைக் குறை சொல்வது, துருசைத் திறந்து விட்டுவிட்டு வயலில் வெள்ளம் நிற்கிறது என்று குளத்தைத் திட்டுவது போன்றது.

கனகராயன்:
ஐயாவின் கூட்டல் சரி, முடிவுதான் பிழை. டெப்போ என்கிற இந்த ஊசியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதாவது 13 வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும் என்றும், நான்கு வாரம் வரை பிந்தி வந்தாலும் மேலதிகப் பாதுகாப்பு எதுவுமின்றிப் போடலாம் என்றும் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 13உம் 4உம் 17 வாரம். ஏழால் பெருக்கினால் 119. அக்காவின் தங்கை எல்லைக்கு உள்ளேதான் நின்றிருக்கிறார்.

பாலையடி:
தம்பி, அட்டையில் இருப்பது 12 வாரம். அதிலிருந்து நான்கு வாரம் கூட்டினால் 112 நாள். 119 என்பது ஏழு நாள் வெளியே. அமெரிக்க வழிகாட்டியில் 15 வாரம்தான், அதாவது 105 நாள். ஊசி போட்ட நாளையும் சேர்த்து எண்ணினால் 119கூட இல்லை, 120 ஆகிறது. எந்தப் பக்கத்தால் எண்ணினாலும் பிந்தியது பிந்தியதுதான்.

குளக்கட்டு:
ஊசி நம்பகமானதா என்பதை நீங்கள் இருவரும் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேட்கலாமா? ஒரு நாளும் தவறாமல் போடுகிற நூறு பெண்களில் ஒரு வருடத்தில் ஒருவருக்குக்கூடப் பிள்ளை தங்குவது அரிது, வீதம் 0.2 என்று போட்டிருக்கிறார்கள். வீடு, வயல், காய்ச்சல் என்று வாழ்கிற நூறு பெண்களை எடுத்தால் ஏறத்தாழ நால்வருக்குத் தங்குகிறது. இரண்டும் ஒரே ஊசிதான்.

பாலையடி:
நூறு பேரின் கதை எனக்கு வேண்டாம். கேள்வி 119 நாளைப் பற்றியது. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

முல்லைக்கரை:
நான்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே, ஐயா. பிள்ளை தங்கியது ஏப்ரல் கடைசியில், மே 5இல் அல்ல. அன்றைக்கு உங்கள் 119 பிறக்கவே இல்லை. நீங்களே போட்ட 112ஐச் சுற்றித்தான் எல்லாம் நடந்திருக்கிறது. இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. சென்ற வருடம் மித்துரி என்ற கருத்தடை மாத்திரை அட்டையிலுள்ள மண்ணிற மாத்திரை ஏழையும் தவறவிட்டால் பிள்ளை தங்கிவிடும் என்று நீங்கள் ஒரு பிள்ளையைப் பயமுறுத்தினீர்கள். அவை வெறும் இரும்புச்சத்து மாத்திரைகள் என்று நான் சொன்னபோதும் உங்கள் முப்பது வருடத்தைத்தான் காட்டினீர்கள்.

பாலையடி:
அந்த ஏழையும் விழுங்கச் சொன்னது பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. அதை விளங்கிக்கொள்ளாதவர்களோடு அன்றைக்கும் பேசிப் பயனில்லை, இன்றைக்கும் இல்லை. ஸ்கானில் சொல்லும் நாள் முன்பின்னாக இருக்கும். அட்டையில் எழுதிய திகதி அப்படியல்ல.

மாங்குளத்தான்:
நாள் எண்ணத் தேவையில்லாத, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி இருக்கும்போது எதற்கு இந்தச் சண்டை? ஜடெல் இரண்டு குச்சி, ஐந்து வருடம்.

முல்லைக்கரை:
2013ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், வலைப்பாடு, கிராஞ்சிப் பெண்களுக்குச் சரியான விளக்கம் கொடுக்காமல் அந்தக் குச்சியை வைத்தார்கள் என்று எழுந்த குற்றச்சாட்டை மாங்குளத்தான் மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை. என் தங்கை ஊசியோடு நின்றதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

மாங்குளத்தான்:
நான் யாருக்கும் பலவந்தமாக வைக்கச் சொல்லவில்லையே. எதற்கெடுத்தாலும் 2013ஐ இழுத்தால் இந்த மண்ணில் ஒரு மருந்தையும் நம்ப முடியாது.

கனகராயன்:
குச்சி எல்லாருக்கும் பொருந்தாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்குக் குச்சியும் மாத்திரையும் வலுவிழக்கும், டெப்போவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது ஒருபுறமிருக்க, 13 வாரத்துக்கு ஐயா இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

குளக்கட்டு:
அந்த முப்பத்தைந்து நாளும் புருஷன் ஓர் ஆணுறை போட்டிருக்கலாமே என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கலைப்பதற்கும் வழியில்லை, தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே இடம் தரும் 1883ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைச் சட்டம்தான் நமக்கு.

பாலையடி:
புருஷனைப் பற்றிப் பேச வேறிடம் உண்டு. கனகராயன் தம்பிக்கு: உலக சுகாதார நிறுவனம் விசுவமடு அட்டையில் எழுதவில்லை, எழுதியது குடும்பநல உத்தியோகத்தர். அவர் எழுதியது மார்ச் 31. சந்தேகமிருந்தால் அட்டையின் படத்தை முல்லைக்கரை இங்கே போடட்டும், எல்லாரும் எண்ணிப் பார்ப்போம்.

முல்லைக்கரை:
அவளுடைய அட்டையை ஊருக்குக் காட்ட நான் கேட்கவும் மாட்டேன், அவள் தரவும் மாட்டாள்.

பாலையடி:
அட்டை இல்லையென்றால் ஜனவரி 6 என்பதே நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். 7ஆம் திகதி போட்டிருந்தால் 118.

கனகராயன்:
118 என்றால் எல்லைக்கு இன்னும் உள்ளே, ஐயா.

பாலையடி:
12 வாரத்திலிருந்து எண்ணுங்கள், தம்பி.