புதுப்பிப்பு: மகளின் எக்ஸிமாவும் தோல் பாக்டீரியாவும்

மகளின் முழங்கை மடிப்பில் எக்ஸிமா (தோல் சிவந்து அரிக்கும் அழற்சி), ஸ்டீராய்டு களிம்பு தடவினால் தோலின் நல்ல பாக்டீரியாவும் போய்விடுமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். பலர் நிறுத்தச் சொன்னீர்கள். தோல் மருத்துவரிடம் பேசினேன், தேடிப் படித்தேன், நிறுத்தவில்லை.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஹெய்டி காங், ஜூலி செக்ரே குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸிமா உள்ள குழந்தைகளின் முழங்கை, முழங்கால் மடிப்புகளில் மாதிரி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எக்ஸிமா கிளம்பும்போது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பாக்டீரியாக்களின் பன்மை, அதாவது பல வகைகள் கலந்திருப்பது, குறைந்துவிடுகிறது. ஆனால் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குப் பன்மை அவ்வளவு குறையவில்லை. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. அழற்சி அடங்கினால் தோல் தன் காவலைத் தானே மீட்டுக்கொள்கிறது. நல்ல தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்றவை ஆரியஸைக் கொல்லும் புரதத்துணுக்குகளைச் சுரக்கின்றன என்று சான் டியாகோவில் ரிச்சர்ட் கேலோ குழு 2017-இல் காட்டியது.

அப்புறம் அளவு. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். தயவுசெய்து ஆன்டிபயாட்டிக் களிம்பை நீங்களாகக் கடையில் வாங்கித் தடவாதீர்கள். மஞ்சள் பொருக்கு கட்டினாலோ நீர் வடிந்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.