புதுப்பிப்பு: அமெரிக்க டெக் பங்கா, உள்ளூர் வங்கிப் பங்கா?

அமெரிக்க டெக் பங்குகளை விற்றுவிட்டு, டிவிடெண்டுக்காக (நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் தொகை) சிங்கப்பூர் வங்கிப் பங்குகளுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முழுசாக மாறவில்லை. "வரி போகக் கையில் வருவதைப் பாருங்கள்" என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. அமெரிக்க டிவிடெண்டில் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு 30 விழுக்காடு வரி பிடித்துக்கொள்கிறார்கள். இங்கே டிபிஎஸ், ஓசிபிசி வங்கிகள் தரும் டிவிடெண்டில் பிடித்தமே இல்லை. அதனால் டிவிடெண்டுக்காக வைத்திருந்த பழைய டெக் பங்குகளை மட்டும் விற்று, வங்கிப் பங்கு வாங்கினேன். வளர்ச்சிக்காக வாங்கியவை அப்படியே இருக்கின்றன.

எதிர்பாராத ஒன்று: முதலீடு பரவலாகட்டும் என்று எஸ்டிஐ இடிஎஃப் (சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் எஸ்டிஐ குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் நிதி) வாங்கப் போனேன். அந்தக் குறியீட்டில் 30 நிறுவனங்கள் இருந்தாலும், ஏறக்குறைய பாதி எடை மூன்று வங்கிகளுக்கே! வங்கிப் பங்கு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் பாருங்கள். நான் வாங்கவில்லை.