மறு: ‘டைம் ஸ்கேல்’, ‘டே-நைட் சைக்கிள்’ – ஒரு சொல் போதாது

அன்பின் ஐயாவுக்கும், போக்குவரத்துக் கணினி விளையாட்டுகளின் சொற்களைத் தமிழாக்கும் இந்த இழையில் எழுதிவரும் நண்பர்களுக்கும் குன்னூரிலிருந்து வணக்கம்.

விளையாட்டுக்குள் காலம் நம் காலத்தைவிட எத்தனை மடங்கு விரைகிறது என்பதைக் குறிக்கும் ‘டைம் ஸ்கேல்’ என்பதற்குக் ‘கால அளவுகோல்’ என்று ஐயா முன்மொழிந்திருந்ததையும், அதைவிடக் ‘காலச் சுருக்கம்’ எளிதாக இருக்குமே என்று இடைமுகத்தைத் தமிழாக்கும் தம்பி கேட்டிருந்ததையும் படித்தேன். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், அந்த ஒரே சொல்லை எல்லா அமைப்புகளுக்கும் (செட்டிங்ஸ்) ஆளத் தொடங்கினால் விளையாடுபவர் குழம்பிப்போவார். போக்குவரத்து விளையாட்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம். பிறகு பெயர் வைப்பது கடினமாக இராது.

கிறிஸ் சாயர் 1994-இல் உருவாக்கிய டிரான்ஸ்போர்ட் டைக்கூனின் வழியில் வந்த, போக்குவரத்து நிறுவனம் நடத்தும் விளையாட்டான ஓப்பன்டிடிடியை எடுத்துக்கொள்கிறேன். அதில் 74 துடிப்புகள் சேர்ந்தால் ஒரு நாள். (விளையாட்டின் மிகச் சிறிய காலத்துண்டான ‘டிக்’ என்பதைத் ‘துடிப்பு’ என்றே எழுதுகிறேன். ‘நொடி’ என்றால் செகண்டு என்று பள்ளிப் பிள்ளைகள் வரை பதிந்துவிட்டதால் அதை இங்கே தொடக்கூடாது.) ஒரு துடிப்பு 27 மில்லிநொடி, ஆகவே ஒரு நாள் இரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது, ஓராண்டு பன்னிரண்டு நிமிடத்தைச் சற்றுத் தாண்டுகிறது. விகிதமாகச் சொன்னால் ஏறக்குறைய 1:43,000. ஆனால் அதே திரையில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்று காட்டும் ரயில், நிலம் பிரிக்கப்பட்டிருக்கும் சதுரக் கட்டங்களில் பத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது.

நம் மலை ரயிலை அதில் ஓட்டிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் வண்டி 46 கிலோமீட்டர் ஏறி நண்பகலை ஒட்டி உதகையை அடைகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொள்ள, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில்தான் குன்னூர் வரை வரும்; அதற்கு மேல் 30 கிலோமீட்டர் வரை போகும். அந்த 30 கிலோமீட்டர் வேகத்தையே வைத்துக்கொண்டு ஓப்பன்டிடிடியில் நூறு கட்டத் தொலைவுக்கு வண்டியை அனுப்பினால், நாட்காட்டியில் மூன்று மாதம் கழிந்துவிடும். மார்கழியில் ஏறியவர் பங்குனியில்தான் இறங்குவார்.

இதை நிரல் பிழை என்று சொல்ல முடியாது. நீராவி எஞ்சின் காலம் முதல் மின்சார ரயில் காலம் வரை ஒரு நூற்றாண்டின் வளர்ச்சியைச் சுமார் இருபது மணி நேரத்தில் காட்ட வேண்டுமென்றால் நாட்காட்டி பறக்க வேண்டும். வண்டி நகர்வதைக் கண்ணால் பார்த்து, சிக்னல் எங்கே இடறுகிறது என்று விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வண்டி நிதானமாக ஓட வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே விகிதத்துக்குள் அடக்க வழியில்லாததால்தான் இரண்டு காலங்கள் பிறந்தன. அந்த விளையாட்டில் பகலும் இரவும் மாறி மாறி வராமைக்கும் இதுவே போதுமான விளக்கம்: இரண்டு நொடிக்கு ஒருமுறை விடிந்து இருண்டால் திரை வெறுமனே மின்னிக்கொண்டிருக்கும்.

2024 ஏப்ரலில் வந்த ஓப்பன்டிடிடியின் 14-ஆம் பதிப்பு இந்தப் பிரிவினையை வெளிப்படையாகவே அமைப்புகளில் கொண்டுவந்துவிட்டது. அதில் ‘வால்கிளாக்’ (சுவர்க் கடிகாரம்) முறையைத் தேர்ந்தால், உற்பத்தியும் வரவு செலவும் கணக்கிடப்படும் மாதம் எப்போதும் ஒரு நிமிடமாக நிற்கும். புதிய வண்டிகள் அறிமுகமாகும் நாட்காட்டியை மட்டும் தனியாக மெதுவாக்கலாம், முழுவதும் நிறுத்தியும் வைக்கலாம். இங்கே ‘கால அளவுகோல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு தம்பி என்ன செய்வார்? ஆகவே வண்டிகள் நகரும் காலத்துக்கு ‘ஓட்டக்காலம்’, வரவு செலவு முடிக்கும் காலத்துக்குக் ‘கணக்குக்காலம்’, ஆண்டு மாதம் தேதி நகரும் காலத்துக்கு ‘நாட்காட்டிக்காலம்’ என்ற மூன்றையும் முன்வைக்கிறேன். மூன்றும் ஒரே வார்ப்பில் இருப்பதால் அமைப்புப் பட்டியலில் அடுத்தடுத்து வந்தாலும் வேறுபாடு உடனே புலப்படும். ‘பொருளியல் காலம்’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பொருளியல் என்பது படிப்பின் பெயராகிவிட்டது, கடைக்காரரும் சங்கத்துக்காரரும் மாதக் கடைசியில் முடிப்பது கணக்கைத்தான்.

இனி விகிதம். லாரி ஓட்டும் விளையாட்டான யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் நெடுஞ்சாலையில் காலம் 1:19 என்றும், நகரத்துக்குள் 1:3 என்றும் ஓடுகிறது. நிலப்பரப்பும் அதே 19-இல் ஒன்றாகக் குறுக்கப்பட்டிருப்பதால், வேகமானியில் 80 என்று இருக்கும்போது கண்ணுக்கும் 80 போலவே தோன்றுகிறது, நாள் ஒன்று 76 நிமிடத்தில் முடிகிறது, இரவு இரவாகவே கடக்கிறது. இங்கே காலத்தோடு காலத்தை ஒப்பிடுகிறோம். ஒத்த இரண்டு அளவுகளை ஒப்பிடுவதைப் பள்ளிக் கணக்கில் ‘விகிதம்’ என்றே படித்தோம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது போல வேறுபட்ட இரண்டைச் சேர்ப்பதுதான் ‘வீதம்’. எனவே ‘கால விகிதம்’, அதன் இணையாக ‘நில விகிதம்’. ‘சுருக்கம்’ என்றால் கட்டுரைச் சுருக்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது; அதோடு, காலத்தை மெதுவாக்கும் அமைப்பு வந்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். ‘அளவுகோல்’ என்பது ஐயா சொன்னபடி நிலப்படத்துக்குப் பொருந்தும், ஆனால் கோல் என்பது நீளத்தை அளப்பது. பொத்தானை அழுத்தினால் எல்லாக் காலங்களும் ஒன்றாக விரையும் வசதியை ‘விரைவோட்டம்’ என்று தனியே வைக்க வேண்டும். அதில் விகிதங்களுக்கு இடையிலான உறவு மாறுவதில்லை.

(விளையாட்டுக்கு மலைப்பாதை வரைபடம் செய்ய முயலும் நண்பர்களுக்கு ஒன்று. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை 1:19-இல் குறுக்க முடியாது. பேருந்து முழு அளவில் இருக்க, அது திரும்பும் வளைவும் முழு அளவில்தான் இருந்தாக வேண்டும். வளைவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாமே தவிர ஆரத்தைக் குறைக்க இயலாது. ஆகவே மலையில் நிலத்தையும் காலத்தையும் சமவெளியில் குறுக்கியதைவிடக் குறைவாகவே குறுக்க வேண்டியிருக்கும்.)

விளையாட்டின் ஒரு நாள் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதற்கான ‘டே லெங்த்’ என்ற அமைப்பை ‘நாள்நீளம்’ என்று போடுங்கள். ‘பகல்நீளம்’ என்றால் அது சூரியன் உதித்து மறையும் வரை உள்ள நேரம். அதுவும் தனியாகத் தேவைப்படும் சொல்தான். உதகையில் பகல் மார்கழியில் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், ஆனி மாதத்தில் பன்னிரண்டே முக்கால் மணி நேரமாகவும் இருக்கிறது. ஐரோப்பாவை நினைத்துச் செய்த விளையாட்டில் கோடைப் பகல் பதினாறு மணி நேரம் நீண்டு, அந்தியும் அடங்காமல் நிற்கிறது. நமக்கு அந்தி அரைமணிக்குள் முடிந்துவிடும். எனவே ‘பகல்நீளம்’, ‘அந்திநீளம்’ இரண்டும் இடத்துக்கு ஏற்ப மாற்றக்கூடியவையாக இருத்தல் நல்லது.

‘டே-நைட் சைக்கிள்’ பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். இன்னொரு போக்குவரத்து விளையாட்டான சிமுட்ரான்ஸில் திரை இருண்டு வீட்டு விளக்குகள் எரிவது காட்சிக்கு மட்டுமே; வேண்டாமென்றால் அணைத்துவிடலாம், வண்டிகளுக்கு அதனால் ஒன்றுமில்லை. நகரம் கட்டும் விளையாட்டான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் 2015-இல் இரவு வந்தபோது, பேருந்துத் துறைக்குப் பகலில் ஒரு நிதி, இரவில் ஒரு நிதி என்று பிரித்து ஒதுக்க முடிந்தது, ஆனால் ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே நாட்காட்டியில் பல நாள் கழிந்திருக்கும். 2023-இல் வந்த அதன் இரண்டாம் விளையாட்டில் ஒரு பகலிரவு கழிந்தால் ஒரு மாதம் கழிந்ததாகக் கணக்கு. ஆண்டுக்குப் பன்னிரண்டு விடியல். இப்படி வெறும் வண்ணமாக வரும் இரவையும், ஓட்டத்தையே மாற்றும் இரவையும் ஒரே பெயரில் அழைத்தால் விளையாடுபவருக்கு எதை எதிர்பார்ப்பது என்று தெரியாது. முன்னதைப் ‘பகலிரவுக் காட்சி’ என்றும், பின்னதைப் ‘பொழுதுச் சுழற்சி’ என்றும் வேறுபடுத்தலாம்.

‘பொழுது’ என்பதை நான் வலியுறுத்தக் காரணம், அதில் செய்யும் வேலையும் அடங்கியிருக்கிறது. கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மைசூருக்குப் போகும் சாலை பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. ஆம்புலன்சும் ஒரு சில அரசுப் பேருந்துகளும் போகலாம், மற்ற வண்டிகள் கக்கநல்லா சோதனைச்சாவடிக்கு நேரத்தோடு வந்து சேராவிட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒன்பது மணி நேரம் யானைக்கும் மானுக்கும் உரியது. எதிர்ப்புறம், உதகைக் கேரட் ஏற்றிய லாரி விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் நிற்க வேண்டுமென்று இரவோடு இரவாக மலை இறங்குகிறது. ஒரே மலையில் ஒரு சாலைக்கு இரவு ஓய்வு, இன்னொரு சாலைக்கு இரவுதான் வேலைநேரம். நீலகிரிப் போக்குவரத்தை உண்மையாகக் காட்ட நினைக்கும் விளையாட்டு இதைக் காட்டாமல் முடியாது. அதற்கு ஓட்டக்காலமும் பொழுதும் ஒரே விகிதத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும், நாட்காட்டிக்காலம் தனியே ஓடிக்கொள்ளட்டும்.

ஒளியையும் பொழுதோடு கட்டிவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் பர்லியாறு தாண்டியதும் பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கு மட்டும் மஞ்சள் பொட்டாகத் தெரிய, அதற்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்கும். கடிகாரத்தைப் பார்த்து விளக்கு ஏற்றும் விளையாட்டு இந்த இடத்தில் பொய் சொல்லும். ‘ஒளிநிலை’ என்று தனி மாறியை வைத்து, பொழுதும் வானிலையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும்படி செய்ய வேண்டும்.

விளையாட்டு மணிக்கு ‘நாழிகை’ என்றே பெயரிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நாழிகை என்றால் 24 நிமிடம் என்று உறுதியாக நிலைத்த அளவு; விகிதத்துக்கு விகிதம் மாறும் ஒன்றுக்கு அதை வைத்தால் பழைய சொல்லைக் கெடுத்ததாகிவிடும். ஆனால் அவர் கேட்டதிலிருந்து ஒரு நல்ல வழி கிடைக்கிறது. கால விகிதத்தை 1:24 என்று வைத்தால், நம் ஒரு நிமிடத்துக்குள் விளையாட்டில் ஒரு நாழிகை கழியும். ஒரு மணி நேரத்தில் அறுபது நாழிகையும் முடிந்து ஒரு நாள் நிறையும். மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு வர ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் ஆகும், பந்திப்பூர் சாலை இருபத்திரண்டரை நிமிடம் மூடியிருக்கும். விளையாடக்கூடிய அளவுகள் இவை. அமைப்பில் ‘நிமிடத்துக்கு ஒரு நாழிகை’ என்ற தெரிவாகவே இதை வைக்கலாம். தாத்தா பாட்டியோடு சேர்ந்து விளையாடும் பிள்ளைக்கும் புரியும்.

தம்பி, மொழிக்கோப்பில் இப்போதைக்கு ஓட்டக்காலம், கணக்குக்காலம், நாட்காட்டிக்காலம், கால விகிதம், நாள்நீளம் ஆகியவற்றை இட்டுவிடுங்கள். இவற்றில் எனக்கு ஐயமில்லை. ‘பொழுதுச் சுழற்சி’யில் சுழற்சி வேண்டுமா, ‘பொழுதுமாற்றம்’ போதுமா என்பதில் ஐயாவின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். ‘மாற்றம்’ என்றால் மீண்டும் திரும்பி வரும் என்ற பொருள் குறைகிறது என்பது மட்டும் இப்போது என் தயக்கம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து