மீன் நோயெதிர்ப்பியலில் ஆய்வு செய்ய விரும்புகிறேன்: மரபணு ஆய்வகமா, பண்ணை நோய்களா?

கேள்வி – தக்கலை மாணவி

நாகர்கோவிலில் முதுகலை விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். மீன்களின் நோயெதிர்ப்பாற்றலையும் தொற்றுநோய்களையும் ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொள்ள விரும்புகிறேன். மீன்வளக் கல்லூரியில் படிக்காதவளுக்கு இதில் என்ன வேலை கிடைக்கும் என்று அப்பா கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் தெளிவான பதில் இல்லை. மரபணுக்களை ஆராயும் ஆய்வகத்தில் சேர்வதா, பண்ணைகளில் வரும் நோய்களை நேரடியாகப் பார்க்கும் ஆய்வகத்தில் சேர்வதா என்பதிலும் குழப்பம் உள்ளது. அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – குளச்சல்காரன்

தங்கைக்கு வணக்கம். அப்பாவின் கேள்வி நியாயமானது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக நிறுவனங்களில் விஞ்ஞானிப் பணி, பல்கலைக்கழக ஆசிரியப் பணி, தடுப்பூசி மற்றும் தீவன நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் ஆகியவை முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு உள்ள வழிகள். இவற்றில் விஞ்ஞானிப் பணிக்கான தேர்வில் எந்த முதுகலைப் பட்டம் எந்தப் பிரிவுக்குத் தகும் என்ற விதி உண்டு. அந்த அறிவிக்கையை இப்போதே படித்துவிடுங்கள்.

இனி துறையைப் பற்றி. நோயெதிர்ப்பியல் பாடநூல்கள் பெரும்பாலும் எலியையும் மனிதனையும் வைத்து எழுதப்பட்டவை. மீனுக்கு நிணநீர்க் கணுக்கள் இல்லை. இரத்த அணுக்களை உண்டாக்கும் நம் எலும்பு மஜ்ஜையின் வேலையை, தலைக்குப் பின்னால் முதுகெலும்பின் அடியில் ஒட்டிக்கிடக்கும் கருஞ்சிவப்பான தலைச்சிறுநீரகம் செய்கிறது. மீனின் பி அணுக்கள் (கிருமியைப் பிடிக்கும் ‘எதிர்ப்பொருள்’ என்ற புரதத்தைச் சுரக்கும் வெள்ளணுக்கள்) பாக்டீரியாக்களை விழுங்கவும் செய்கின்றன என்பது 2006இல்தான் வெளியானது. அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத்தொகுதியை 2011இல் படித்து முடித்தபோது, எதிர்ப்பொருள் உருவாக இன்றியமையாதவை என்று நாம் நம்பியிருந்த எம்எச்சி இரண்டாம் வகை மரபணுக்களே (கிருமியின் துண்டுகளை நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் புரதங்களுக்கானவை) அதில் இல்லை என்று தெரியவந்தது. அவை இல்லாமலேயே அந்த மீன் வடகடலில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து வந்திருக்கிறது! இத்தகைய வியப்புகளுக்காகவே நான் இத்துறைக்கு வந்தேன்.

ஆயினும் நம் ஊருக்குத் தேவையான வேலை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. மீனின் எதிர்ப்பொருள் உற்பத்தி நீரின் வெப்பநிலையைச் சார்ந்தது. நார்வேயில் சால்மனுக்குத் தடுப்பூசி போட்டபின், வெப்பநிலையை நாட்களால் பெருக்கி, ஏறத்தாழ 500 ‘டிகிரி நாட்கள்’ கழிந்த பிறகே கடல் கூண்டுக்கு மாற்றுகிறார்கள். 10 டிகிரி நீரில் அது 50 நாட்கள். 28 டிகிரி நீரில் வளரும் நம் கொடுவா மீனுக்கு அந்தக் கணக்கை அப்படியே பெயர்த்துவிட முடியாது. கொடுவாக் குஞ்சுகளைக் கொல்லும் நோடா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூளையையும் விழித்திரையையும் தாக்குவதால், குஞ்சு உடல் கறுத்து, சுழன்று சுழன்று நீந்திச் சாகிறது. மிக அதிகமாகச் சாவது, எதிர்ப்பாற்றல் இன்னும் முதிராத இளங்குஞ்சுப் பருவத்தில். அப்போது தடுப்பூசி போட்டும் பெரிய பயன் இராது. ஆகவே தாய்மீனைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதா, குஞ்சு எந்த வயதில் தடுப்பூசிக்குத் தயாராகிறது என்று அளப்பதா என்று கேள்விகள் நீள்கின்றன. இவற்றைத் தொடங்க வேண்டிய இடம் பண்ணைதான்.

பதில் – மணக்குடி கொடுவாப் பண்ணை

மகளே, எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மீன் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கியதும், பார்ப்பவர் எல்லோரும் ஏதாவது ஒரு மருந்துப் பொடியைச் சொல்கிறார்கள். அது வைரஸா, பாக்டீரியாவா, வெறும் பிராணவாயுக் குறைவா என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கொட்டிக் காசும் போகிறது, தண்ணீரும் கெடுகிறது. ஒருமுறை சோதனைக்கென்று செத்து மிதந்த மீனைப் பையில் கட்டிக் கொண்டு போனேன். செவுள் அழுகிவிட்டதால் பயன் இல்லை என்றார்கள். உயிர் போகும் தறுவாயில் உள்ள மீனைத்தான் எடுக்க வேண்டும் என்று அதன் பிறகே எனக்குத் தெரிந்தது. நீ என்ன படித்தாலும், குளக்கரையில் நின்று இதைச் சொல்லக்கூடியவளாக இரு.

பதில் – விலங்கியல் ஆசிரியை, மார்த்தாண்டம்

குளச்சல் நண்பரின் பரிந்துரையிலிருந்து சற்று வேறுபடுகிறேன். பண்ணைக்காரர் கேட்கும் அந்தப் பிரித்தறிதலுக்கே பிசிஆர் (கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கி அதை அடையாளம் காணும் சோதனை) பெரிதும் தேவை. ஆகவே முதலில் மூலக்கூறு நுட்பங்களில் கை பழகிவிட்டுப் பண்ணைக்குப் போவது நல்லது. விலங்கியல் பட்டம் குறையென்று எண்ண வேண்டாம். மதுரையில் நோயெதிர்ப்பியலாளர் வி.ஆர். முத்துக்கருப்பன் ஓணானின் நோயெதிர்ப்பு மண்டலத்தை ஆராய்ந்த காலத்திலிருந்தே இங்கு ஒப்பீட்டு நோயெதிர்ப்பியலை (வெவ்வேறு விலங்குகளின் நோயெதிர்ப்பை ஒப்பிடும் துறையை) வளர்த்தவர்களில் விலங்கியலாளர்கள் உண்டு.

ஓர் எச்சரிக்கை: இறாலையும் மீனையும் ஒரே திட்டத்தில் அடைத்துத் தரும் வழிகாட்டிகளிடம் கவனமாக இருங்கள். இறாலுக்கு எதிர்ப்பொருளே கிடையாது. வெள்ளைப்புள்ளி வைரஸ் 1990களின் நடுப்பகுதியில் நம் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளை அழித்தபின், நோயற்ற தாய் இறால், கிருமி பண்ணைக்குள் நுழையாதபடி கடுமையான தடைக்காப்பு ஆகியவையே துணைநின்றன. ‘இறால் தடுப்பூசி’ என்று எழுதப்படும் பல திட்டங்களை நான் ஐயத்துடனேயே படிக்கிறேன். மீனில் நிலைமை வேறு: நார்வே 1987இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தியது, நல்ல தடுப்பூசிகள் வந்தபின், சால்மன் உற்பத்தி பெருகியபோதும், பத்தாண்டுக்குள் அது ஒரு டன் அளவுக்கு இறங்கிவிட்டது.

தக்கலை மாணவி

மூவருக்கும் நன்றி. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். இராஜாக்கமங்கலத்தில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கடல்சார் மையத்தில் விசாரிக்கலாம் என்று இருக்கிறேன். எங்கு போனாலும் வழிகாட்டியிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?

குளச்சல்காரன்

மீனுக்கு நோய்க்கிருமியைச் செலுத்திச் சோதிப்பதற்குத் தனியாகப் பூட்டிய தொட்டியறை இருக்கிறதா, அதிலிருந்து வெளியேறும் நீரைக் கிருமிநீக்கம் செய்துதான் விடுகிறார்களா என்று கேளுங்கள். அது இல்லாத இடத்தில் தடுப்பூசி வேலை செய்ததா என்பதை நிறுவ முடியாது. எதிர்ப்பொருள் அளவு ஏறியதை மட்டும் காட்டி ஆய்வேட்டை முடிக்க நேரிடும். அடுத்து, முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கி, அதில் மீன்கள் எந்தப் பண்ணையிலிருந்து வந்தன என்று பாருங்கள். ஆசிரியை அம்மா சொன்ன பிசிஆர் பயிற்சியை இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.