மூன்று புள்ளி எறிதலில் 27 புள்ளிகள் முந்திய அணி தோற்றது எப்படி?

செக்காலை வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பள்ளி மாணவர்களின் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு மாலை நேரங்களில் ஸ்கோர் எழுதிக் கொடுக்கிறேன். ஆட்டப் புள்ளிவிவரத்தைப் படிக்கும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம் என்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். ஓக்லாந்தில் ஜூன் 19 மாலை நடந்து, நம் ஊரில் மறுநாள் விடிகாலையில் பார்க்கக் கிடைத்த ஆட்டம் அது. கிளீவ்லாந்து கவாலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89.

வாரியர்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 41 முறை எறிந்து 15 போட்டிருக்கிறார்கள். கவாலியர்ஸ் 25 முறை எறிந்து 6 மட்டுமே. மொத்த எறிதல்களோ ஏறக்குறைய சமம்: வாரியர்ஸ் 83இல் 32, கவாலியர்ஸ் 82இல் 33. வெளியிலிருந்து மட்டும் 27 புள்ளிகள் கூடுதலாகச் சேர்த்த அணி 4 புள்ளிகளில் தோற்றது எப்படி என்று ஒரு மாணவன் கேட்கிறான். 32 புள்ளிகள் எடுத்த டிரேமண்ட் கிரீன் தோற்ற அணியில் இருக்க, வென்ற அணியில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்த கெவின் லவ்வைப் பலரும் பாராட்டுவது ஏன் என்பது அவனுடைய அடுத்த கேள்வி. விளக்க முடிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா:
பழைய பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுப்பதுபோல ஒவ்வொரு இனத்தையும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். விடை தானே வந்துவிடும். போட்ட 33 கூடைகளில் மூன்று புள்ளிக்குரிய 6ஐக் கழித்தால் கவாலியர்ஸின் இரண்டு புள்ளிக் கூடைகள் 27, அதாவது 54 புள்ளிகள். வாரியர்ஸுக்கு 32இல் 15 போக 17 கூடைகள், 34 புள்ளிகள். இங்கே வித்தியாசம் 20. ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைப்பது, விழுந்தால் ஒரு புள்ளி) கவாலியர்ஸ் 25க்கு 21, வாரியர்ஸ் 13க்கு 10, இங்கே 11. இரண்டையும் கூட்டினால் 31, அதில் அந்த 27ஐக் கழித்தால் மிச்சம் 4. ஆட்டம் முடிந்ததும் அந்த 4 புள்ளிகளில்தான்.

வெளி எறிதலையும் பெயர் வாரியாகப் பார்க்க வேண்டும். வாரியர்ஸின் கரி 14க்கு 4, தாம்சன் 10க்கு 2. அந்த அணியின் பெயர்பெற்ற இரு எறிவாளர்களும் சேர்ந்து 24க்கு 6தான். கிரீன் ஒருவர் 8க்கு 6 போட்டதால் அணியின் மொத்தக் கணக்கு அழகாகத் தெரிகிறது.

கானாடுகாத்தான்:
ரஸ்தா அண்ணன் புள்ளிகளைப் பிரித்துக் காட்டிவிட்டார். அந்தப் புள்ளிகளுக்கு எத்தனை வாய்ப்புகள் செலவாயின என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, களத்தில் எறிந்த எண்ணிக்கையோடு கூட்டினால் ஏறத்தாழ எத்தனை எறிதல் வாய்ப்புகள் என்று தெரியும். கவாலியர்ஸுக்கு 82உம் 11உம் சேர்ந்து 93 வாய்ப்புகள், எடுத்ததும் 93 புள்ளிகள். வாரியர்ஸுக்கு 83உம் 5.72உம் சேர்ந்து 88.72, எடுத்தது 89. ஆக, ஒரு வாய்ப்புக்கு ஒரு புள்ளி என்பதே இரு அணிகளின் விகிதமும். வாரியர்ஸ் மோசமாக எறிந்து தோற்கவில்லை. அவர்களுக்கு வாய்ப்புகள்தான் குறைவாகக் கிடைத்தன. ரீபவுண்டில், அதாவது தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், வாரியர்ஸ் 48க்கு 39 என்று பின்தங்கியதையும் இதனுடன் சேர்த்துப் படியுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
இதில் ஒரு திருத்தம் தேவை என்று நினைக்கிறேன். கூடையோடு சேர்ந்து கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, மூன்று எறியக் கிடைப்பது, டெக்னிக்கல் ஃபவுலுக்கு (நடத்தைத் தவறுக்கு) கிடைப்பது என ஃப்ரீ த்ரோ பல வகைப்படுவதால், பல ஆட்டங்களின் சராசரியாக வைத்துக்கொண்ட எண்தான் அந்த 0.44. ஒரே ஆட்டத்துக்கு அதைப் பொருத்தி, நான்கு வாய்ப்புகளால் நான்கு புள்ளிகள் என்று அடித்துச் சொல்வது சற்று மிகை. போக்கைக் காட்ட அது போதும். தீர்ப்புச் சொல்லப் போதாது.

லவ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அவர் 9 எறிந்து 3 மட்டுமே போட்டார், ஆனால் 14 ரீபவுண்ட் எடுத்தார். அவர் களத்தில் நின்ற நேரத்தில் கவாலியர்ஸ் எதிரணியைவிட 19 புள்ளிகள் கூடுதலாக எடுத்தது. இதைத்தான் பிளஸ் மைனஸ் என்ற கட்டத்தில் குறிக்கிறார்கள். மொத்த வித்தியாசமே 4 என்பதால், அவர் வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் அணி 15 புள்ளிகள் பின்தங்கியது என்று ஆகிறது. அந்த எண் அவர் ஒருவரால் வந்ததன்று. உடன் ஆடிய நால்வருக்கும் எதிரே நின்ற ஐவருக்கும் அதில் பங்கு உண்டு. ஒரே ஆட்டத்தின் பிளஸ் மைனஸை வைத்து ஆட்டக்காரரின் தரத்தை அளக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கானாடுகாத்தான்:
0.44 பற்றி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். புள்ளிவிவரத் தாளில் அறவே தெரியாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் 89க்கு 89 என்று சமமாக நின்றபோது, கடைசி 4 நிமிடம் 39 விநாடிகளில் வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வாரியர்ஸின் இகுவோடாலா எறிந்ததைக் கவாலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையோடு சேர்த்துத் தடுத்தது அந்த இடைவெளியில்தான். 53 விநாடிகள் மிச்சமிருக்கையில் கவாலியர்ஸின் கைரி இர்விங் மூன்று புள்ளி போட்டதும் அதில்தான். லெப்ரானின் கணக்கில் 27 புள்ளிகள், 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட் (கூடை போட வழிசெய்த பந்துக் கடத்தல்) என்று பெரிய எண்கள் இருக்க, அந்தத் தடுப்பு மூன்று பிளாக்குகளில் ஒன்றாகவே பதிவாகியிருக்கிறது. முதல் கால் பகுதியில் தடுத்திருந்தாலும் தாளில் அதே ஒன்றுதான்.

செக்காலை வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் ஆட்டங்களுக்கும் இப்படிக் கணக்குப் போட ஆசைதான். ஆனால் நாங்கள் நிரப்பும், பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் ஸ்கோர் ஷீட்டில், விழுந்த கூடைக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்குக் கரும்புள்ளி, மூன்று புள்ளிக்கு ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் என்று இருக்கிறதே தவிர, தவறிய எறிதலைக் குறிக்க இடமே இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:
மேசைக்கு அருகில் இன்னொரு மாணவனை உட்கார வைத்து ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்துவிடுங்கள். தவறிய இரண்டு புள்ளி, தவறிய மூன்று புள்ளி, தவறிய ஃப்ரீ த்ரோ, எதிரணிக் கூடையடியில் எடுத்த ரீபவுண்ட், பந்தைப் பறிகொடுத்தது ஆகிய ஐந்து பத்திகள் போதும். அசிஸ்ட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எது அசிஸ்ட் என்பதில் பெரியவர்களே சண்டை போடுகிறார்கள்.