மல்லாவிச் செத்தவீட்டில் நின்றுபோன படம்: வன்னியில் நெட்வேர்க் வேலை செய்தவர்கள் எழுதுங்கள்

திட்டமிடல் வேலை, கிளிநொச்சி:

வன்னியில் டவர், ஃபைபர், இணைய இணைப்பு என்று ஏதாவது ஒன்றில் கை வைத்தவர்களும், அந்த இணைப்பை நம்பி இருந்து கஷ்டப்பட்டவர்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னர் மல்லாவிப் பக்கம் ஒரு செத்தவீடு. இறந்தவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா. பிள்ளைகள் மூவரும் வெளியில். இருவர் ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில். ஒருவராலும் வரமுடியவில்லை. பந்தல் கம்பத்தில் ஒரு போனை இறப்பர் பட்டியால் கட்டி வைத்து, காலையிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே பத்தரை மணி என்றால் ரொறன்ரோவில் நடுச்சாமம் தாண்டி ஒரு மணி. பிள்ளைகள் நித்திரை முழித்து இருந்தார்கள்.

சுண்ணம் இடிக்கத் தொடங்கியபோது படம் நின்றுவிட்டது. மூத்த மகளின் முகம், வாய் திறந்தபடி, அப்படியே திரையில் உறைந்து நின்றது. குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. "அப்பான்ர முகத்தை... கிட்ட..." என்று கேட்டது. பிறகு அதுவும் இல்லை. போனைக் கட்டிய பெடியன் கம்பத்திலிருந்து அவிழ்த்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, "அக்கா, கேக்குதா? அக்கா!" என்று கத்திக்கொண்டே வேலிப் பக்கம் ஓடினான்.

என் போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் முழுக்க நிறைந்திருந்தன. வேகம் பார்த்தேன். டவுன்லோட் 16 மெகாபிட். அப்லோட் 0.2. பிங், அதாவது அனுப்பியதற்குப் பதில் திரும்பி வரும் நேரம், ஒரு செக்கனுக்கு மேல். அந்த டவருக்குக் கொள்ளளவுக் கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கணக்குத் தாளில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: உச்ச நேரத்தில் இந்த ஊர் எவ்வளவு டவுன்லோட் செய்யும்? அப்லோட் அதில் ஒரு சிறு பங்கு என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடுவோம். அங்கே இருந்த 4ஜி வகை ஒரே அலைவரிசையை நேரத்தால் பிரித்துப் பயன்படுத்துவது. வழக்கமான பிரிப்பில் 5 மில்லிசெக்கனை ஐந்து துண்டாக வெட்டினால் மூன்று துண்டு இறங்குவதற்கு, ஒன்று ஏறுவதற்கு, ஒன்று இரண்டுக்கும் நடுவில் மாறுவதற்கு. யூடியூப் பார்க்கும் ஊருக்கு இது பொருந்தும். செத்தவீட்டுக்குப் பொருந்தாது. அன்றைக்கு அந்த வளவில் நூறு பேருக்கு மேல். மூன்று பேர் நேரலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எடுத்த படங்களை ஒவ்வொருவர் போனும் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. டவர் 20, 40 வாட் சக்தியில் பேசும். கையில் இருக்கும் போன் பேசுவது 200 மில்லிவாட்டில். டவர் பேசுவது போனுக்கு நன்றாகக் கேட்கும், போன் பேசுவது டவருக்கு மெல்லிசாகத்தான் கேட்கும். கோடுகள் காட்டுவது டவரின் குரலை மட்டும். "சிக்னல் நல்லா இருக்கு, ஆனா போகுதில்லை" என்று சனம் சொல்லும்போது அது முழு உண்மை. அதைப் புகார் என்று எழுதிவிட்டுக் கடந்து போனவர்கள் நாங்கள்.

அப்லோட் பாதை நிரம்பியதும் பாக்கெட்டுகள், அதாவது துண்டு துண்டாகப் போகும் தகவல், போனுக்குள்ளேயே வரிசையில் நின்று காய்ந்தன. அதுதான் அந்த ஒரு செக்கன் பிங். தூரத்தைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீற்றர் போக 5 மைக்ரோசெக்கன். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு 330 கிலோமீற்றர் என்றாலும் 2 மில்லிசெக்கன் ஆகாது. ஒரு குரல் உரையாடலில் ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சர்வதேச அளவுகோல் சொல்கிறது. அன்றைக்குத் தாமதம் முழுக்க அந்த வளவுக்குள்ளேயே நடந்தது.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது? பந்தலுக்குள் போய், கதிரைகளில் இருந்தவர்களிடம் கும்பிட்டுக் கேட்டேன். "பிள்ளைகள் பார்க்க வேணும், பத்து நிமிசம் எல்லாரும் டேட்டாவை நிப்பாட்டி விடுங்கோ." ஒரு பெரியவர் தன் போனை என்னிடமே தந்து, "தம்பி, நீயே நிப்பாட்டு" என்றார். நேரலை போட்ட பெடியள் முகம் கோணாமல் நிறுத்தினார்கள். மூன்று நிமிடத்தில் படம் திரும்பி வந்தது. வாய்க்கரிசி போடும்போது மூவரும் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை அந்தத் தாளைத் திருத்தக் கேட்டு எழுதினேன். அப்லோட்டுக்கும் உச்ச நேரத்துக்கும் தனி வரி வேண்டும் என்று கேட்டேன். ஒப்புக்கொள்ள வைக்க எட்டு மாதம் பிடித்தது. பிறகு அந்த டவருக்கு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சம அகலம் உள்ள இன்னொரு அலைவரிசை வந்தது.

மைக்ரோவேவ் வேலை, பரந்தன்:

தம்பி சொன்னது கடைசித் துண்டு. நான் பின்னால் இருக்கும் துண்டைச் சொல்கிறேன். டவரிலிருந்து கொழும்புப் பக்கம் போகும் வழி அகலமாக இல்லாவிட்டால் டவர் எத்தனை போட்டும் பயனில்லை.

2010, 2011இல் நாங்கள் இங்கே வேலைக்கு வந்த நாட்களில் நிலத்துக்கு அடியில் எதையும் புதைக்க முடியாது. கண்ணிவெடி அகற்றிய வழியில் மட்டும் நடக்கலாம். சிவப்புப் பலகை கண்டால் நின்றுவிட வேண்டும். எனவே எல்லாம் டிஷ் வைத்த வானொலி இணைப்புத்தான்.

வன்னி தட்டையான நிலம், மலை இல்லை, அதனால் சுகம் என்று வெளியிலிருந்து வருபவர்கள் நினைப்பார்கள். மலை இருந்தால் ஒரு டவரை அதன் தலையில் நட்டுவிடலாமே! இங்கே ஒவ்வொரு மீற்றரும் இரும்பில் கட்டித்தான் ஏற வேண்டும். 7 கிகாஹேர்ட்ஸில் 30 கிலோமீற்றர் இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் பூமியின் வளைவே 13 மீற்றர் முட்டிக்கொண்டு நிற்கும். வானொலி அலை நூல் போல நேராகப் போவதில்லை, நடுவில் வயிறு பெருத்துப் போகும். அந்த வயிற்றின் ஆரம் 18 மீற்றர், அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். அது 11. அதற்கும் கீழே பனை. ஒரு 25 மீற்றர் வையுங்கள். கூட்டினால் 49. ஆக இரண்டு பக்கமும் 50 மீற்றருக்குக் குறைந்த டவர் உதவாது.

வரைபடத்தில் பனை இருக்காது. அதனால் வெயிலில் ஒருவர் அந்தப் பக்கம் டவரில் ஏறிக் கண்ணாடியை ஆட்ட, இந்தப் பக்கம் நான் தொலைநோக்கியில் அந்த மினுக்கத்தைத் தேடுவேன். ஒருமுறை மூன்று மணி நேரம் தேடினேன். மினுக்கம் தெரிந்தபோது அது இரண்டு பனைத் தலைகளுக்கு நடுவில் தெரிந்தது. தெரிகிறதே என்று எழுதிவிட்டு வந்தால் அது பிழை. கண்ணுக்குத் தெரிந்தால் அலைக்குப் போதும் என்று இல்லை, வயிற்றுக்கும் இடம் வேண்டும். டிஷ்ஷை ஆறு மீற்றர் உயர்த்தினோம்.

பூநகரிப் பக்கம் கடலேரியைத் தாண்டும் ஒரு இணைப்பு பின்னேரம் ஆனால் விழும், விடிய எழும்பும். பெட்டியை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். காரணம் தண்ணீர். நேரே வரும் அலையும் தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று தின்றன. காற்றுச் சூடும் ஈரமும் மாறும் நேரத்தில் அந்தத் தெறிப்பு இன்னும் மோசமாகும். அதே டவரில் பத்து மீற்றர் கீழே இன்னொரு டிஷ் வைத்தோம். மேலே அடிபடும் நேரத்தில் கீழே நன்றாக வரும். அதன் பிறகு விழவில்லை.

மழையைப் பற்றியும் ஒரு சொல். 23 கிகாஹேர்ட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று நீண்ட தூரத்துக்குப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் குடித்துவிடும். 7இல் மழை பெரிய விசயமில்லை.

ஃபைபர் ஒட்டுபவர், ஒட்டுசுட்டான்:

நான் படித்த எஞ்சினியர் இல்லை. பதினொரு வருடமாக இழை ஒட்டுகிறேன்.

வீட்டுக்கு வரும் ஃபைபரில் தொலைபேசி நிலையத்திலிருந்து கடைசி வீடுவரை ஒரே கணக்கு: ஒளி மங்குவதற்கு 28 டெசிபெல் கையில் இருக்கிறது, அதற்குள் செலவை முடிக்க வேண்டும். ஒரு இழையை 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மட்டும் ஏறக்குறைய 17 தின்றுவிடும். மிச்சம் 11. கிலோமீற்றருக்கு 0.35 என்றால் 15 கிலோமீற்றருக்கு 5க்கு மேல். பிறகு இணைப்பான்கள், ஒட்டுகள். நன்றாக ஒட்டினால் ஒரு ஒட்டு 0.05. வேலி ஓரத்தில் தூசி அடிக்க, கை நடுங்க, அவசரத்தில் ஒட்டினால் 0.3. ஒரு ஒட்டில் தவறினால் பரவாயில்லை. ஐந்து இடத்தில் தவறினால் கடைசி வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பு இல்லை.

நகரத்தில் 32 வீடு ஒரு ஒழுங்கைக்குள் அடங்கும். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வயல், குளக்கட்டு. அதனால் ஒரே இடத்தில் 32ஆகப் பிரிக்காமல், சந்தியில் 4ஆகவும் உள்ளே 8ஆகவும் பிரிக்கிறோம். கேபிள் மிச்சம். ஆனால் பிழை வந்தால் தேடுவது கஷ்டம். எது நல்லது என்று கேட்டால், வன்னிக்கு இதுதான்.

எனக்கு மறக்கமுடியாதது 2018 டிசம்பர் வெள்ளம். இரணைமடுக் கதவுகள் திறந்த அந்த வெள்ளம். வரைபடத்தில் எங்கள் பகுதிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும் என்று வளையமாக வரைந்திருந்தார்கள். இரண்டு கேபிளும் ஒரே மதகின் இரண்டு ஓரத்தில் போயிருந்தன. மதகு போனது, இரண்டும் போனது. இடுப்பளவு தண்ணீரில் கேபிளின் அறுந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். காகிதத்தில் இரண்டு கோடு இருந்தது, தரையில் ஒன்றுதான் இருந்தது.

உண்மையான வளையம் எங்கள் ஊரில் போட முடியும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, அங்கிருந்து புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தன், பிறகு ஏ-9இல் திரும்ப மாங்குளம். ரோட்டே வளையமாகக் கிடக்கிறது. வரைபவர்கள் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் இந்த வழியைச் சுற்றிவிட்டு வரைந்தால் நல்லது.

ஆசிரியை, துணுக்காய்:

2020இலும் 2021இலும் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது சூம் வகுப்பு வைக்கச் சொன்னார்கள். என் வகுப்பில் 31 பிள்ளைகள். வந்தது ஏழு. ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்குப் பல நூறு எம்பி போகும். அந்தக் காசுக்கு ஒரு வீட்டில் அரிசி வாங்க வேண்டும்.

பிறகு பாடத்தைப் பத்து நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். ஒன்றரை எம்பிக்குள் அடங்கும். தகப்பன் வேலையால் வந்த பிறகு, இரவு பத்து மணிக்கு அந்த ஒரு போனில் இறக்கிக் கேட்பார்கள். கேள்வியையும் குரலாகவே அனுப்புவார்கள். பின்னால் நாய் குரைக்கும், அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். 26 பிள்ளைகள் வந்தார்கள்.

திட்டம் போடுகிறவர்களிடம் எனக்கு ஒன்றுதான் கேட்க இருக்கிறது. எல்லாம் உடனே போகத் தேவையில்லை. இரவில் டவர் சும்மா கிடக்கும் நேரத்தில் படிப்புக்கு வழி விடலாம்தானே?

ரொறன்ரோவிலிருந்து, ஊர் முள்ளியவளை:

நான் மறுபக்கத்தில் இருப்பவள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒவ்வொரு வருடமும் தம்பியின் போனில்தான் பார்க்கிறேன். படம் நின்றால் பரவாயில்லை. பறைச் சத்தமும் சனத்தின் சத்தமும் வந்தால் போதும், நான் அங்கே நிற்கிறேன். ஆனால் எப்போதும் சத்தம்தான் முதலில் போகிறது. அது ஏன்?

திட்டமிடல் வேலை, கிளிநொச்சி:

அக்கா, உங்கள் கேள்வி எங்கள் தொழிலின் நடுவில் வந்து விழுகிறது.

குரலுக்குத் தேவை வினாடிக்கு 30 கிலோபிட் அளவுதான். படத்துக்கு அதன் பத்து மடங்கிலிருந்து முப்பது, நாற்பது மடங்குவரை. ஆனால் குரலுக்குத் தாமதம் பொறுக்காது, வரிசையில் முன்னுக்கு விட வேண்டும். நெட்வேர்க்கின் சொந்த 4ஜி அழைப்புக்கு அப்படித் தனி வரிசை இருக்கிறது. வாட்ஸ்அப் குரலுக்கு இல்லை. அது யாரோ ஏற்றும் 200 எம்பி வீடியோவுக்குப் பின்னால் நிற்கிறது. தனித்தனி ஓட்டத்தைப் பிரித்து, சின்னதை முன்னுக்கு விடும் வரிசை முறைகள் வந்துவிட்டன. வீட்டு ரவுட்டர்கள் சிலவற்றில் இருக்கிறது. டவரோடு பேசும் வழியில் அதைக் கொண்டுவருவதுதான் மிச்சம். இப்போதைக்குத் தம்பியிடம் சொல்லுங்கள்: பொங்கல் நேரத்தில் கமராவை நிறுத்திவிட்டு குரல் அழைப்பாக வைக்கட்டும், படத்தைப் பிறகு அனுப்பட்டும்.

ஏர்லாங் என்ற டென்மார்க்காரர் 1917இல் எழுதிய சூத்திரத்தை வைத்து இன்றும் அழைப்புக்கு லைன் கணக்குப் போடுகிறோம். உச்ச மணி எது என்று தெரிந்தால் அது நன்றாக வேலை செய்யும். வன்னியின் உச்ச மணி கடை திறக்கும் நேரமோ அலுவலக நேரமோ இல்லை. ஞாயிறு இரவு எட்டரை. கோடையில் அப்போது ரொறன்ரோவில் காலை பதினொன்று, லண்டனில் பின்னேரம் நாலு. இரண்டு ஊரும் வீட்டில் இருக்கும் நேரம் அது.

ரீச்சர், இரவு வழி பற்றி நீங்கள் கேட்டதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். அதற்கு எனக்கு எண்கள் வேண்டும். இதை வாசிக்கும் துணுக்காய், ஐயன்கன்குளம், நெடுங்கேணிப் பக்கத்து ஆட்கள் ஞாயிறு இரவு எட்டரைக்கும் திங்கள் விடிய ஐந்து மணிக்கும் வேகம் பாருங்கள். டவுன்லோட் மட்டும் எழுதாதீர்கள். அப்லோட், பிங் இரண்டையும் சேர்த்து, நின்ற இடத்தையும் எழுதுங்கள். வீட்டுக்குள்ளா, முற்றத்திலா என்பதும் வேண்டும்.