பிடிபி-8/இ: கைப்பிடி உடைந்த இந்த போர்டு எது?

பழைய பிடிபி-8/இ (டிஇசி நிறுவனத்தின் 1970-களின் மினி கணினி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு போர்டின் கைப்பிடியிலும் இருந்த எண்ணை வைத்தே பாதி போர்டுகளைக் கண்டுபிடித்துவிட்டேன்: எம்8300, எம்8310 இரண்டும் ரெஜிஸ்டர் (ப்ராசஸரின் தற்காலிக சேமிப்பிடம்), எம்8330 டைமிங், அப்புறம் ஜி104, எச்220, ஜி227 மூன்றும் சேர்ந்து கோர் மெமரி (சிறு காந்த வளையங்களால் ஆன பழைய நினைவகம்). சிக்கல் ஒன்றில்தான். அதன் கைப்பிடி உடைந்து எண்ணே போய்விட்டது. ஓரத்தில் 40 பின் கனெக்டர், பக்கத்தில் ஒரு கிறிஸ்டல் (சீரான துடிப்பைத் தரும் பாகம்), மீதியெல்லாம் 7400 வரிசை லாஜிக் சிப்புகள். ஒரு சிப்பில் 7238 என்றிருக்கிறது, அதாவது 1972-இன் 38-வது வாரம். கிறிஸ்டல் இருப்பதால் சீரியல் போர்டாக (டெர்மினலை இணைக்கும் போர்டு), எம்8650 ஆக இருக்குமோ என்று ஒரு சந்தேகம், கனெக்டரை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது, அந்த மாதிரி கனெக்டர் வேறு போர்டுகளிலும் உண்டு. எம்8650 வைத்திருப்பவர்கள் யாராவது இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி படம் போட முடியுமா? என்னவென்று தெரியாமல் பவர் கொடுக்க மனசு வரவில்லை.